முகம் மட்டும்

தண்ணீர் கொதித்துவிட்டது. அணைக்க வேண்டும், அணைத்தால் வாளியில் ஊற்ற வேண்டும், ஊற்றினால் தூக்கிக்கொண்டு போக வேண்டும், போனால் அந்த அறைக்குள் நுழைய வேண்டும், அதனால் இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும் என்று அடுப்புக்கு முன்னால் நிற்கிறேன். ஏற்கனவே ஒருமுறை கொதித்த தண்ணீர்தான் இது. வாளியில் ஊற்றி அறை வாசல்வரை கொண்டுபோனேன், துண்டை மறந்துவிட்டேன் என்று திரும்பினேன், துண்டு கிடைத்ததும் சோப்பைத் தேடினேன், சோப்பு கிடைத்ததும் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுத் தெம்பாகச் செய்யலாமே என்று உட்கார்ந்தேன், எழுந்துபோய் விரலை விட்டுப் பார்த்தால் வாளி ஆறிக் கிடக்கிறது. திரும்பவும் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் ஏற்றினேன். இப்போது கேஸ் தீர்ந்துபோனால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒரு நினைப்பு வருகிறது. கேஸ் தீர்ந்தால் யாரும் என்னை ஒன்றும் சொல்ல முடியாது. அல்லது அந்தோணி வந்துவிட்டால். கேட் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன், அது பக்கத்து வீட்டுக் கேட். அந்தோணி வரமாட்டார். விடிந்ததும் விடியாததுமாகப் போன் செய்துவிட்டார், அவர் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார்கள், ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், இன்னிக்கு ஒருநாள் சமாளிச்சுக்குங்க சார் என்று. சமாளிச்சுக்கிறேன் அந்தோணி, அம்மாவைப் பாருங்க என்றேன். எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது வாய். என் வாய்க்கு எப்போதுமே என்னைவிட தைரியம் அதிகம்.

உள்ளே படுத்திருப்பவர் என் மாமனார். பெயர் சொரிமுத்து. போன மழைக்காலத்தில் ஒரு காலை சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார், வலது கையும் வலது காலும் போயின, பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தை மட்டும் எப்படியோ தப்பிப் பிழைத்தது. ஆமா. பசிக்குதா மாமா, ஆமா. பசிக்கலையா, ஆமா. ஃபேனைக் குறைக்கவா, ஆமா. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் படும் பாட்டைப் பார்க்கையில் நான் தலையைத் திருப்பிக்கொள்வேன். அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து திருச்சிக்கு எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம், வேறு யார் இருக்கிறார்கள், அத்தை போய்ச் சேர்ந்து வருஷமாகிறது, பெற்றது உலகம்மை ஒருத்தி. காலையில் வந்து பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ள அந்தோணி, சாயங்காலத்துக்குமேல் உலகு, நடுவில் நான் மாத்திரை வாங்கி வருவேன், பேப்பர் படித்துக் காட்டுவேன், கட்டிலை நகர்த்துவதென்றால் ஒரு பக்கம் பிடிப்பேன். ஆளைத் தொட்டதில்லை. இன்று காலை அறைக் கதவைத் திறந்ததுமே வாடை சொல்லிவிட்டது. டயப்பர் கட்டினால் இடது கையாலேயே பிய்த்து எறிந்துவிடுகிற மனுஷன். நான் உள்ளே வருவது தெரிந்ததும் அந்த இடது கையால் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் ஜன்னலைத் திறந்துவிட்டு, "காத்து வரட்டும் மாமா" என்றேன். "ஆமா" என்றார் சுவரைப் பார்த்து. இரண்டு பேரும் காற்றைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று பாவனை செய்துவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன். அப்போது வந்தவன்தான், இன்னும் அடுப்படியில் நிற்கிறேன். நடுவில் ஒருதரம் இட்லி கொண்டுபோய்க் கொடுத்தேன், வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பார். அப்படிக் கிடக்கும்போது யாருக்குத்தான் சோறு இறங்கும்.

நான் பாத்துக்கிறேன். இதுதான் நான் உலகுவிடம் சொன்னது. அவள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், அவளுடைய கோகோ பிள்ளைகள் முதல்முறையாக மாநிலப் போட்டிக்குப் போகிறார்கள், நாகர்கோவிலில். வெறும் காலோடு மைதானத்துக்கு வரும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எத்தனையோ வருஷமாக மாவட்டத்தோடு தோற்றுத் திரும்பியவள். போகவா வேண்டாமா என்று பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அப்பாவ எப்படிங்க விட்டுட்டு?" "அந்தோணி இருக்காருல்ல. நான் பாத்துக்கிறேன், போயிட்டு வா." நான் பாத்துக்கிறேன். சொல்லும்போது ஒரு புருஷன் மாதிரி இருந்தது. பார்த்துக்கொள்வது என்றால் பார்ப்பது. அதுதானே என்னால் முடியவில்லை. போர்வையை விலக்குவேன், சரி, அப்புறம் வேட்டி, வேட்டியை, அங்கே வந்ததும் நினைப்பு காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு திரும்பி ஓடுகிறது. மறுபடி முதலிலிருந்து. போர்வையை விலக்குவேன். ரப்பர் ஷீட்டை உருவ வேண்டும், உருவ வேண்டுமென்றால் ஆளைப் புரட்ட வேண்டும், புரட்டும்போது கட்டிலிலிருந்து விழுந்துவிட்டால், அந்த வலது தோளைப் பிடித்து இழுத்து ஏதாவது ஆகிவிட்டால். வாரத்துக்கு ஒருதரம் வந்து பார்க்கும் நர்ஸம்மா முதுகுக்குக் கீழே ஒரு இடம் சிவந்திருப்பதைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், இதை ஈரத்தில் ஊற விட்டீங்கன்னா புண்ணாயிரும், படுக்கைப் புண்ணு வந்தா லேசுல ஆறாது என்று. ஈரத்தில் ஊறிக்கொண்டுதான் இருக்கிறது. நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் அங்கே அது ஊறிக்கொண்டிருக்கிறது என்று தெரிகிறது, தெரிந்தும் கால் நகரவில்லை. தெரிவதற்கும் நகர்வதற்கும் நடுவில் என்னதான் இருக்கிறது.

அசிங்கம் என்று இல்லை. சத்தியமாக அதில்லை. என் அப்பாவாக இருந்திருந்தால் செய்திருப்பேன், அப்பா கடைசியில் கிடந்தபோது செய்தேன். இவர் மாமனார். அதிலும் சொரிமுத்து மாமா. எனக்குத் தெரிந்த நாளிலிருந்து இந்த மனுஷன் என் முன்னால் சட்டையில்லாமல் நின்றதில்லை. ஊருக்குப் போனால் நான் தெருமுனையில் வருவதைப் பார்த்ததுமே மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, ஆணியில் தொங்கும் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, எழுந்து நின்று, "மாப்ள வாங்க" என்பார். அடுத்து, "இருங்க." அடுத்து, "சாப்ட்டீங்களா?" அதோடு முடிந்தது, அப்புறம் விடைபெறும்போது "பாத்துப் போங்க." நானும் உலகுவும் நாங்களாகப் பார்த்துப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டவர்கள். அவர் தடுக்கவில்லை, சண்டை போடவில்லை, ஒரு ராத்திரி முழுக்க வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டுக் காலையில் சரி என்றாராம். அந்தச் சரிக்கு அப்புறம் எனக்குக் கிடைத்ததெல்லாம் இந்த மரியாதைதான். அத்தையாவது "ஏன் இப்படி எளச்சுட்டீங்க" என்று கேட்பார்கள். இவர் என்னை வாங்க போங்க என்று சொல்லிச் சொல்லியே வாசலில் நிறுத்தி வைத்திருந்தார். என்னை மன்னிக்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். மில்லில் மேஸ்திரியாக இருந்தவர், அங்கே அவர் வாய்க்குப் பயந்து ஆட்கள் ஒளிவார்கள் என்று உலகுவின் சித்தப்பா ஒருதரம் சிரித்துக்கொண்டே சொன்னார், நான் நம்பவில்லை. திட்டுகிற அளவுக்கு ஒருவரிடம் இவர் நெருங்கி நிற்பார் என்று தோன்றவே இல்லை. அப்படிப்பட்டவருடைய வேட்டியை நான் போய் அவிழ்க்க வேண்டும். ஆரோக்கியமாக இருந்தபோது என் முன்னால் தோளைக்கூடக் காட்டாதவர், இப்போது வேண்டாம் என்று சொல்ல வார்த்தை இல்லாமல் ஆமா என்பார்.

போனை எடுத்து, படுத்த படுக்கையாக இருப்பவரைக் குளிப்பாட்டுவது எப்படி என்று வீடியோ தேடிப் பார்க்கிறேன். கட்டிலில் படுத்திருப்பவன் வாட்டசாட்டமான ஆள், தலை வாரிப் பவுடர் போட்டிருக்கிறான், புரட்டுவதற்கு முன்னால் அவனே புரண்டு கொடுக்கிறான், கேமராவைப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிறான். அதை முடிவுவரை பார்த்தேன், அப்புறம் இன்னொன்று, அப்புறம் அதற்கடியில் வந்த சுரைக்காய் அடை செய்வது எப்படி என்பதையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன். என்ன செய்கிறாய் நீ. என் வேலை லிஃப்ட் ரிப்பேர். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்து கதவைத் தட்டிக் கத்துவார்கள், நான் வெளியே நின்று, ஒண்ணும் ஆகாதும்மா, கதவ விட்டுத் தள்ளி நில்லுங்க, இந்தா வந்துட்டேன் என்று குரலை இறக்கிச் சொல்வேன், கத்தல் அடங்கிவிடும். என்னுடைய குரலில் ஏதோ இருக்கிறது என்று கம்பெனியில் சொல்வார்கள். அந்தக் குரலை இப்போது எனக்கே சொல்லிப் பார்த்தேன், ஒண்ணும் ஆகாது. நம்பிக்கை வரவில்லை, அவர்களுக்கும் வந்திருக்காது போல, வேறு வழியில்லாமல் அடங்கியிருப்பார்கள். அப்போதுதான் கவிழ்த்து வைத்த போன் அதிர்ந்தது. உலகு.

பின்னால் ஒரே விசில் சத்தம், பிள்ளைகள் கூச்சல். "ஜெயிச்சுட்டோம்ங்க, அடுத்தது செமி, சாப்பாட்டுக்கு முன்னாடியே வச்சிருவாங்களாம். அப்பா என்ன பண்றாங்க? அந்தோணி ஒடம்பு தொடச்சு விட்டாரா?" அந்தோணி வரவில்லை என்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், அவள் நிம்மதியைக் கெடுக்கிறேன் என்று சொல்லும்போதே தோன்றியது. "அப்ப நீங்க?" "நான்தான் பண்ணிட்டிருக்கேன்." "என்ன பண்ணிட்டிருக்கீங்க?" "தண்ணி காயுது." பதினாலு வருஷமாக என்னோடு குடித்தனம் நடத்துகிறவள், தண்ணி எவ்வளவு நேரமாகக் காய்கிறது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. நான் கிளம்பி வந்துரவா என்று கேட்பாள் என்று பயந்தேன், கேட்டால் வா என்று சொல்லிவிடுவேனோ என்று அதைவிடப் பயந்தேன். அவள் கேட்கவில்லை. "இங்க பாருங்க. முகத்த மட்டும் தொடச்சு விடுங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம்." "முகம் இல்ல உலகு, கீழ எல்லாம்..." "தெரியுது. அத நினைக்காதீங்க. மொதல்ல ஒரு துணிய நனைச்சு முகத்தத் தொடைங்க. அதுக்கு மேல முடியலன்னா அதோட விட்ருங்க, பக்கத்து வீட்டு அண்ணன கூப்பிடலாம், நான் போன் பண்ணிக் கேக்குறேன். முகம் மட்டும். அது முடியும்ல?" முடியும் என்றேன். "இப்பவே எந்திரிச்சுப் போங்க, போன வச்சதும்" என்றாள், பிள்ளைகளை அதட்டுகிற அதே தொனியில், உடனே யாரையோ "ஏய் ஜெனிபா, ரிப்பனைக் கட்டுடி" என்றாள், போன் கட்டாகிவிட்டது. நான் அடுப்பை அணைத்தேன்.

முகம் மட்டும் என்றால் முகம் மட்டும்தான். அதற்கு ஒரு கிண்ணம் தண்ணீர் போதும், ஆனாலும் வாளியையே கொண்டுபோனேன், இன்னொரு வாளியில் விளாவுவதற்குப் பச்சைத் தண்ணீர். அறைக்குள் நுழைந்ததும் வாடை மூக்கில் அறைந்தது, ரெண்டு மூச்சுக்கு அப்புறம் அது ஒரு வாடை, அவ்வளவுதான். "மாமா, முகத்த தொடச்சு விடுறேன்." சுவர்ப்பக்கமே இருந்தார். "ஆமா." துணியை நனைத்துப் பிழிந்து, நெற்றியில் வைத்தேன். வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். நெற்றி எவ்வளவு அகலம் என்று முதல்முறை பார்க்கிறேன், அதில் நெளிநெளியாக மூன்று கோடு, எப்போதும் திருநீறு மூடியிருக்கும். புருவம், இமை, மூக்குக்கு இரண்டு பக்கமும். வலது கன்னம் தொளதொளவென்று கைக்கு வழிவிட்டது, இடது கன்னம் இறுகியிருந்தது, ஒரே முகத்தில் இரண்டு ஆள். வாய் ஓரத்தில் காய்ந்திருந்ததைத் துடைத்தேன். தாடி வளர்ந்து துணியில் சொரசொரவென்று மாட்டியது. முகம் முடிந்துவிட்டது. இத்தோடு எழுந்து போகலாம், அனுமதி இருக்கிறது. ஆனால் காதுக்குப் பின்னால் அழுக்கு தெரிந்தது, முகம் என்றால் காதும் சேர்ந்ததுதானே என்று காதைத் துடைத்தேன், காதோடு கழுத்து. கழுத்துக்கு வந்ததும் பனியன் இடித்தது. பனியனைக் கழற்றாமல் தோளைத் துடைக்க முடியாது. நல்ல கையை முதலில் எடுப்பதா விழுந்த கையையா, வீடியோவில் என்னவோ சொன்னான், மறந்துவிட்டது, நல்ல கையை முதலில் உருவினேன், அவரே முழங்கையை மடித்துக் கொடுத்தார். கொடுத்தார்! அந்தப் பவுடர் போட்டவன் மாதிரி. நெஞ்சு, அக்குள், அந்த விழுந்த கை, மரக்கிளை மாதிரி கனத்தது, விரல்கள் உள்ளே மடங்கியிருந்தன, ஒவ்வொன்றாகப் பிரித்து நடுவில் துடைத்தேன். என் கை தானாகப் போய்க்கொண்டிருந்தது, நான் அதற்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். அப்புறம் போர்வை இடுப்பில் வந்து நின்றது.

போர்வையை விலக்கினேன். வேட்டி முடிச்சை அவர் இடது கையால் பொத்திப் பிடித்திருந்தார். "மாமா, கைய எடுங்க." "ஆமா." எடுக்கவில்லை. "ஈரமா இருக்கு மாமா, மாத்திரலாம்." "ஆமா." விரல்கள் வெளுக்கும்படி இறுக்கினார். நான் அந்தக் கையின்மேல் என் கையை வைத்தேன், இழுக்கத் தைரியம் வரவில்லை, இழுத்தால் அது பிடுங்குவது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கும்பிடாத குறை. ஆமா ஆமா ஆமா என்று மூச்சுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார், அதற்கு இல்லை இல்லை என்று அர்த்தம், குழந்தைக்கும் புரியும். இரண்டு பேரும் அப்படியே இருந்தோம், அவர் கை முடிச்சின்மேல், என் கை அவர் கையின்மேல், எவ்வளவு நேரமோ, மேலே ஃபேன் கடகடத்துக்கொண்டிருந்தது. எனக்குத் தோன்றிய ஒரே வழி, "நான் பாக்க மாட்டேன் மாமா. அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். பாக்காமலே ஊத்தித் தொடச்சு விட்டுர்றேன்" என்றேன். துண்டை எடுத்து அவர் இடுப்பில் போட்டுவிட்டு, சொன்னபடி ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன், ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு முருங்கையில் ஒரு அணில் தலைகீழாக இறங்கிக்கொண்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டு, கையைப் பின்னால் நீட்டித் துழாவி மக்கை எடுத்து, வாளியில் மொண்டு, குத்துமதிப்பாக, நிதானமாக, துண்டுக்குக் கீழே இருக்க வேண்டிய இடத்தில் ஊற்றினேன்.

"ஏல மூதி!"

அணில் நின்றது. அறையில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்றுதான் திரும்பினேன். "கண்ண எங்கல வச்சிருக்க? பச்சத் தண்ணியவால ஊத்துவ!" சொன்னது அவர். அவர்தான், வேறு யாருமில்லை, சொரிமுத்து மாமா, என் மாமனார், வார்த்தைக்கு வார்த்தை தெளிவாக, அறையே அதிரும்படி, மில்லில் அத்தனை எந்திரச் சத்தத்துக்கும் மேலே எழும்பிய குரல் இதுவாகத்தான் இருக்க வேண்டும். மக்கு கையில் அப்படியே இருக்கிறது. பச்சைத் தண்ணீர் வாளியில் மொண்டிருக்கிறேன். அவர் வயிற்றில், மெத்தையில், போர்வையில், என் லுங்கியில் எல்லாம் தண்ணீர். எவ்வளவு நாளாக ஒரே சொல்லோடு கிடந்தவர். பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் ஒருதரம் சொன்னது எங்கிருந்தோ வந்தது, யோசிச்சுப் பேசுறதுதான் சார் அடைபட்டிருக்கு, கோபத்துல திட்டுறது, பாட்டு, இதெல்லாம் சில சமயம் தானா வந்துரும் என்று. தானாக வந்துவிட்டது. அவருக்கே அது கேட்டுவிட்டது, வாய் திறந்தபடி நிற்கிறது, கண்ணில் ஒரே பயம், மாப்பிள்ளையைப் போய் மூதி என்று சொல்லிவிட்டோமே என்ற பயம், திருத்த வேண்டும் என்று உதட்டைக் குவித்து எவ்வளவோ தெண்டித்தார், வந்தது "ஆமா". மறுபடி தெண்டித்தார். "ஆமா." ஏல மூதி, ஆமா, ஆமா. என்னால் முடியவில்லை, அடிவயிற்றிலிருந்து வந்துவிட்டது, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சிரித்தேன். "மூதிதான் மாமா. கண்ணத் தொறந்துக்கிட்டு ஊத்தணும்ல, மூதி." அவர் இடது கன்னம் மட்டும் ஆடியது. முதலில் அழுகிறாரோ என்று நினைத்தேன், அப்புறம் தொண்டைக்குள்ளிருந்து ஒரு கொக்கரிப்பு, அப்புறம் தெரிந்தது, பாதி முகத்தால் ஒருவர் சிரித்தால் இப்படித்தான் இருக்கும். கண்ணீரும் வழிந்தது, இரண்டு கண்ணிலும் வழிந்தது. வாங்க போங்க என்று என்னை நிறுத்தி வைத்த வாசல் எங்கே போனது என்று தெரியவில்லை. திட்டுகிற தூரத்துக்கு வந்துவிட்டேன். அவர் கை எப்போது முடிச்சை விட்டது என்று இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

அதற்கப்புறம் வேலைதான். பார்த்தேன். பார்த்ததும் அது ஒரு உடம்பு, என் உடம்பு இன்னும் கொஞ்ச வருஷத்தில் ஆகப்போகிற உடம்பு. இவ்வளவு நேரம் எதைக் கண்டு பயந்தேன் என்று தேடிப் பார்க்கிறேன், கையில் எதுவும் அகப்படவில்லை. அந்தோணியின் கையுறையை மாட்டிக்கொண்டு அழுக்கையெல்லாம் வழித்து எடுத்தேன், பக்கவாட்டில் புரட்டித் தலையணையை முட்டுக்கொடுத்தேன், "பிடிச்சுக்குங்க மாமா" என்றால் இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். முதுகுக்குக் கீழே அந்த இடம் சிவந்திருந்தது, குனிந்து கிட்டே பார்த்தேன், தோல் உடையவில்லை. உடையவில்லை! "ஒண்ணும் ஆகல மாமா, தோலு நல்லாருக்கு" என்று சத்தமாகச் சொன்னேன், எனக்கு நானே சொல்லிக்கொண்டது அது. அதற்குச் சற்று மேலே இடுப்பு வளைவில் ஒரு மச்சம், புளியங்கொட்டை நிறத்தில். உலகுவுக்கும் அதே இடத்தில் அதே மச்சம் இருக்கிறது. அவளுடையதை அவளே பார்த்திருக்க மாட்டாள், அத்தையும் போய்விட்டார்கள், இப்போது இந்த உலகத்தில் இரண்டையும் பார்த்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்ததும் அந்த முதுகின்மேல் ஒரு பாத்தியதை வந்துவிட்டது. மெத்தையோ ஊறிவிட்டது, இனி அதில் படுக்க வைக்க முடியாது. எப்படியும் ஆளைத் தூக்கித்தான் ஆக வேண்டும், தூக்கி எங்கே வைப்பது, பயிற்சிக்கு உட்கார வைக்கிற கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது. அப்போதுதான் தோன்றியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது முதல் துடைப்புதான், தலைக்கு ஒரு சொட்டு ஊற்றவில்லை. "மாமா, குளிக்கலாமா? நெசமாவே? தலைக்கு ஊத்தி?" அவர் என்னைப் பார்த்தார். "ஆமா" என்றார். இத்தனை நாள் கேட்ட ஆமாக்களில் அது சேராது, அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

அக்குளில் கை கொடுத்து, அந்தோணி செய்வதுபோல முழங்காலை முழங்காலால் அணைத்து, ஒன்று இரண்டு சொல்லி எழுப்பினேன், முழுக் கனமும் என் நெஞ்சில் சாய்ந்தது, அவர் தாடி என் கழுத்தில் குத்தியது, மனிதனைக் கட்டிப்பிடிப்பதும் நாற்காலிக்கு மாற்றுவதும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஈரத் தரையில் வழுக்குமே என்று பயம் வந்தது, வந்த பயத்தோடேயே அடி வைத்தேன். நாற்காலியைப் பின்பக்கமாகச் சாய்த்து மெல்ல இழுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனோம், வாசற்படியில் நாற்காலிக் கால் இடித்து நின்றது, "ஏல" என்றார், அதற்குமேல் வரவில்லை, "தெரியுது தெரியுது" என்று தூக்கி உள்ளே வைத்தேன். இந்தமுறை தண்ணீரை என் கையில் ஊற்றிப் பார்த்துக்கொண்டேன். முதல் மக்குத் தண்ணீர் தலையில் விழுந்ததும் தோளைக் குறுக்கினார், இரண்டாவதுக்கு முகத்தை நிமிர்த்தினார், அப்புறம் ஒவ்வொரு மக்குக்கும் வாயால் ஊஃப் ஊஃப் என்று ஊதினார், அருவியில் நிற்கிற ஆள் மாதிரி. சீயக்காய் எங்கே என்று தேடாமல் கையில் கிடைத்த என் ஷாம்புவைப் போட்டுத் தேய்த்தேன், நுரை கண்ணில் போகாமல் உள்ளங்கையால் அணை கட்டினேன். முதுகை என் பக்கம் காட்டிக்கொண்டு இடது கையால் தோளுக்குப் பின்னால் சுட்டினார், அங்கே சொறிந்துவிட்டேன், இன்னும் கீழே என்று சுட்டினார், அங்கேயும். கடைசியில் இடது கையை நீட்டி என்னிடமிருந்து மக்கை வாங்கிக்கொண்டார், நானே ஊத்திக்குறேன் என்கிறார் போல என்று விட்டேன், அவர் வாளியில் மொண்டு, கை ஆட ஆடத் தூக்கி, என் தலையில் ஊற்றினார்.

துவட்டி, பவுடர் போட்டு, மடிப்பு வேட்டி கட்டி, உலகுவின் கட்டிலில் புது விரிப்பு போட்டுப் படுக்க வைத்தேன். ஆறிப்போன இட்லியைச் சாம்பாரில் பிசைந்து கொடுத்தேன், தட்டைக் காலிசெய்துவிட்டு இன்னும் வேண்டும் என்று தட்டைத் தட்டினார். தூங்கிவிட்டார். மெத்தையைத் தூக்கி மொட்டை மாடியில் சாத்தினேன், விரிப்புகளை அலசிப் பிழிந்து கொடியில் போட்டேன், ஒன்றுக்கு அடுத்தது என்று கை தேடிக்கொண்டே இருந்தது, ரொம்ப நாளாகச் சொட்டிக்கொண்டிருந்த மாடிக் குழாய்க்குக்கூட வாஷர் மாற்றிவிட்டேன். நல்ல வெயில். முதுகு வலிக்கிறது, நாளைக்கு இன்னும் வலிக்கும், நாளைக்கு அந்தோணி வராவிட்டாலும் வராமல் இருக்கட்டும் என்று நினைத்தேன், நினைத்ததை நானே ஒருதரம் திரும்பிப் பார்த்தேன். அப்போது உலகு கூப்பிட்டாள். தோற்றுவிட்டார்களாம், கடைசி நிமிஷத்தில், ஜெனிபா அழுதுகொண்டிருக்கிறாளாம், மூன்றாம் இடத்துக்கு நாளைக் காலை ஆட்டம் இருக்கிறதாம். சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தி, பயந்துகொண்டே கேட்டாள், "முகத்த தொடச்சீங்களா?" நான் நடந்ததைச் சொன்னேன். ஏல மூதிக்கு வந்ததும் அவள் இடைமறித்தாள். "என்ன சொன்னாங்க? திருப்பிச் சொல்லுங்க." சொன்னேன். "பச்சத் தண்ணியவாலன்னா? முழுசா? எங்கப்பாவா? உங்களையா?" "என்னைத்தான்." அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று போனில் பிரித்துச் சொல்ல முடியவில்லை, அந்தப் பிள்ளை வேறு பின்னால் என்னாச்சு டீச்சர் என்னாச்சு டீச்சர் என்று கேட்கிறது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "என்னையோ அம்மாவையோ ஒருநாள்கூட அப்படிச் சொன்னதில்ல, தெரியுமா" என்றாள், கொஞ்சம் பொறாமையோடு. அப்புறம், "அப்ப குளிச்சாச்சா?" என்றாள்.

"குளிச்சாச்சு."

"யாரு, அப்பாவா?"

"ரெண்டு பேரும்."